மேசை பார்த்துச் சொன்ன பலன்

உயிரே போனாலும் அந்த அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தேன். சாதாரண முடிவு இல்லை. கண்ணாடி முன் நின்று, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு எடுத்த முடிவு. கழுத்துப் பொத்தான் போட்டால் எனக்கு மூச்சு முட்டும். அந்த அளவுக்கு உறுதியாக இருந்தேன்.

எங்கள் வீட்டில் ஜன்னல்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்று பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்க்கும், இன்னொன்று தண்ணீர்க் குழாயைப் பார்க்கும். காலையிலிருந்து சாயங்காலம்வரை நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அந்த ஜன்னலை ஒட்டித்தான் என் எழுத்து மேசை கிடக்கிறது. ஒன்பது வருடமாக அங்கே உட்கார்ந்துதான் உலகத்துக்கு வழி காட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அறையைத்தான் என் மனைவி கேட்டாள்.

என் தொழில் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரப் பத்திரிகையில் ‘மேசைப் பலன்’ என்று ஒரு பக்கம் வருகிறதே, அதை எழுதுகிறவன் நான்தான். ஓவியர், பாட்டுக் கட்டுகிறவர், வீட்டுக்கு வரைபடம் போடுகிறவர், உடை வடிவமைக்கிறவர் என்று கற்பனையை வைத்துப் பிழைக்கிற யாராக இருந்தாலும் தங்கள் மேசையைப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பலாம். பெயர், ஊர் எதுவும் ஆசிரியர் எனக்குச் சொல்ல மாட்டார். கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் மட்டும் வரும். அதைப் பார்த்து மேசைக்காரரின் குணம், குறை, எதிர்காலம் எல்லாவற்றையும் நான் புட்டுப் புட்டு வைப்பேன். பென்சிலைப் பல்லால் கடித்திருந்தால் முன்கோபி. காலிக் கோப்பை மூன்றுக்கு மேல் இருந்தால் கடைசி நேரத்தில் வேலை செய்கிறவர். எல்லாம் நானாகக் கண்டுபிடித்த சாஸ்திரம்.

ஒருமுறை ஒரு மண்பாண்டக் கலைஞரின் மேசையைப் பார்த்துவிட்டு, இவருக்கு விரைவில் திருமணம் நடக்கும் என்று எழுதினேன். தனக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருப்பதாக அவர் கடிதம் போட்டார். தாங்கள் இன்னும் மனதளவில் திருமணம் ஆகாதவர், போகப் போகப் புரியும் என்று பதில் எழுதினேன். அவர் மனைவிக்கு அது உடனே புரிந்துவிட்டதாகக் கேள்வி. சொன்ன பலனை நான் இதுவரை திரும்பப் பெற்றதே இல்லை. அதுதான் என் பெருமை, அதுதான் என் சோறு. ஒரு வாரம் தப்பு என்று ஒப்புக்கொண்டால் அடுத்த வாரம் எவன் மேசையை அனுப்புவான்?

என் மனைவி பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். தவளையின் இதயம், மண்புழுவின் வயிறு, கண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது, காதுக்குள்ளே என்ன இருக்கிறது, இப்படி. மனிதனின் உள்ளுறுப்பு அவ்வளவும் அவளுக்கு மனப்பாடம். அதனால் என்னைப் பார்க்கிற பார்வையே ஒரு மாதிரி இருக்கும். இவ்வளவு நாளும் கறுப்பு மையில்தான் வரைந்துகொண்டிருந்தாள். இப்போது செடிகொடிகளைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. இருநூறு படம், எல்லாம் வண்ணத்தில்.

“பச்சையிலேயே பதினேழு பச்சை இருக்குங்க” என்றாள். “டியூப் லைட்ல பார்த்தா எல்லாம் ஒரே பச்சை. முதல் படத்தையே திருப்பி அனுப்பிட்டாங்க. இலை நோய்ப்பட்டது மாதிரி இருக்காம். அடுத்த மாசத்துக்குள்ள சரியா வரலைன்னா வேற ஆளுக்குப் போயிடும். எனக்கு அந்த ஜன்னல் வேணும்.”

நான் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எழுத்தாளனின் அறை என்பது வெறும் அறை இல்லை, அது அவன் மண்டையின் இன்னொரு பகுதி, அதைக் கழற்றிக் கொடுக்க முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அவள் பொறுமையாகக் கேட்டாலே நான் உஷாராகிவிடுவேன்.

“சரி, நான் இப்ப எங்க உக்காந்து வரையறேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? சமையலறைக்குப் பின்னாடி, வாஷிங் மெஷின் பக்கத்துல.”

“பக்கத்துல” என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு இடுக்கு உண்டு. வாஷிங் மெஷின் அங்கேதான் நிற்கிறது. அதற்கு ஒரு கதவும் உண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் எனக்கு வேலை இருந்ததில்லை. அழுக்குத் துணியைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கூடையில் போடுவேன். இரண்டு நாளில் அது மடித்து என் அலமாரிக்கு வந்துவிடும். நடுவில் என்ன நடக்கிறது என்று நான் ஆராய்ந்ததில்லை. பின்னால் ஒரு மடக்கு மேசை இருக்கும், அதில் வரைவாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் ஒரு யோசனை சொன்னாள். ஊரில் உள்ளவர்கள் மேசைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறீர்களே, நம் வீட்டு வழக்குக்கும் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்றாள். அவள் தன் மேசையைப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புவாளாம். மற்றவர்கள் படத்தோடு படமாக அதுவும் பெயர் இல்லாமல் என்னிடம் வருமாம். பத்திரிகையில் நான் என்ன எழுதுகிறேனோ அதுதான் முடிவாம். இவருக்கு ஜன்னல் வேண்டும் என்று எழுதினால் ஜன்னல் அவளுக்கு. வேண்டாம் என்று எழுதினால் அதன் பிறகு அவள் வாயே திறக்க மாட்டாளாம்.

“அச்சுல வந்தா வந்ததுதான்” என்றாள். “நானும் மாத்தச் சொல்ல மாட்டேன், நீங்களும் மாத்தக் கூடாது.”

“நான் என்னைக்கு மாத்தியிருக்கேன்?”

“அந்த நம்பிக்கையிலதான் கேக்கறேன்.”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. பெயர் இல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவளின் மேசையை ஒரு மேசை நிபுணனால் கண்டுபிடிக்க முடியாதா? கண்டுபிடித்ததும் நாலு வரியில் நறுக்கிவிட வேண்டியதுதான். பார்ப்பதற்கு நியாயமாகவும் இருக்கும், அறையும் கைவிட்டுப் போகாது. இரண்டு முறை மறுப்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, மூன்றாம் முறை பெருந்தன்மையாகச் சம்மதித்தேன்.

மறுநாள் புதன்கிழமை. வாரா வாரம் புதன்கிழமை நான் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் ஆசிரியரிடம் என் பக்கத்தைக் கொடுத்துவிட்டு வருவேன். திரும்பி வந்தபோது அவள் எதிர்க் கட்டடத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு பல் டாக்டர் அம்மா குடியிருக்கிறார். அவர் வீட்டுப் பால்கனி என் ஜன்னலுக்கு நேர் எதிரே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு பக்கம். நான் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ஆழமாக யோசித்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா பால்கனியிலிருந்து என்னையே கவனிப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். எழுத்தாளன் யோசிப்பதை நேரில் பார்க்கிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது அல்லவா?

“என்ன, பல் வலியா?” என்று மனைவியைக் கேட்டேன்.

“எனக்கில்லை” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஆசிரியர் உறையைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பிரித்தேன். மொத்தம் நாலு படம்.

முதல் இரண்டும் சாதாரணம். ஒன்று யாரோ பொம்மை செய்கிறவருடையது, இன்னொன்று இசைக்காரருடையது. இரண்டிலும் பெண் வாடையே இல்லை. மூன்றாவதை எடுத்தேன். எடுத்த நொடியிலேயே பிடித்துவிட்டேன்.

கறுப்பாக ஒரு பெட்டியின் முதுகு. அதிலிருந்து குடல் சரிந்ததுபோல் வயர்கள். வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கவ்விக்கொண்டிருந்தது ஒரு தலைமுடிக் கிளிப். பட்டாம்பூச்சி வடிவம், ஒரு சிறகு ஒடிந்தது. அது என் மனைவியின் கிளிப். தினமும் பார்த்த கிளிப் எனக்குத் தெரியாதா? பக்கத்திலேயே ஒற்றைக் காலுறை ஒன்று சுருண்டு கிடந்தது. காலுறை எங்கே இருக்கும்? துவைக்கிற இடத்தில் இருக்கும். அப்படியென்றால் அந்தக் கறுப்புப் பெட்டி என்ன? வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கிற ஏதோ ஒரு சாமான். ஆக, மெஷினுக்குப் பின்புறமாக நின்று எடுத்த படம். பத்தே விநாடியில் துப்புத் துலக்கிவிட்ட என் மூளையை நினைத்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மிச்சத்தையும் உற்றுப் பார்த்தேன். பேனா மூடி ஒன்பது, பேனா ஒன்றுகூட இல்லை. கைப்பிடி போன கோப்பை இரண்டு, அடியில் ஏதோ காய்ந்துபோயிருந்தது. ஒரு படச் சட்டம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு தடித்த அகராதி, மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. படம் வரைகிறவளுக்கு அகராதி எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. அதனால்தான் பிரிக்கவில்லை போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். எல்லாவற்றின் மேலும் தூசி, விரலால் கையெழுத்துப் போடலாம் என்கிற அளவுக்கு. இவ்வளவு அலங்கோலத்தை வைத்துக்கொண்டா என் அறையைக் கேட்டாள் என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு நடை நன்றாக வரும். எழுதித் தள்ளினேன்.

‘இந்த மேசைக்காரர் வேலை செய்கிறவர் இல்லை. வேலை செய்கிறவர் மாதிரி உட்காருகிறவர். அகராதியை வாங்கி உறை பிரிக்காமல் வைத்திருக்கிறார். சொற்களுக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்பது மூடிகளைக் கழற்றியவர் ஒரு வரியாவது எழுதினாரா என்பது சந்தேகம். அந்தப் படச் சட்டத்தைப் பாருங்கள், உலகத்துக்கு முகம் காட்ட வெட்கப்பட்டுத் திரும்பி நிற்கிறது. இவரிடம் ஒரு நல்ல ஜன்னலைக் கொடுத்தால் அதன் கீழே உட்கார்ந்து தூங்குவார். இவருக்குத் தனி அறை கொடுப்பது அந்த அறைக்குச் செய்கிற துரோகம். வீட்டில் வாஷிங் மெஷின் இருந்தால் அதன் தலையில் ஒரு பலகையைப் போட்டுக் கொடுங்கள். இவருக்கு அதுவே அதிகம்.’

கடைசி வரியை எழுதிவிட்டு எழுந்து நின்று நானே ஒருமுறை கைதட்டிக்கொண்டேன். வாஷிங் மெஷின் என்ற ஒரு வார்த்தையில் அவளுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஊசி ஏற்றிவிட்டேன் பாருங்கள், அதுதான் அனுபவம்.

பிறகு நாலாவது படத்தை எடுத்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவ்வளவு அழகான மேசையை நான் பார்த்ததில்லை. சின்ன மேசைதான், இரண்டு முழம்கூட இருக்காது. ஆனால் ஒரு அங்குலம் வீண் இல்லை. ஒவ்வொரு பேனாவும் ஒரு நூலால் கட்டப்பட்டு ஆணியில் மாட்டியிருந்தது. கட்டாத பேனா ஒன்றுகூட இல்லை. ஒரு பழைய ரப்பர்ச் செருப்பில் வட்டமாகத் துளை போட்டு அதற்குள்ளே மைப்புட்டியை இறக்கி வைத்திருந்தார்கள், சாயாமல் இருக்க. மூலையில் ஒரு கைக்கண்ணாடி, எங்கிருந்தோ வெளிச்சத்தைப் பிடித்துக் காகிதத்தின் மேல் விழும்படி சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் மணி அடிக்கிற சின்னக் கடிகாரம். நடுவில் பாதி வரைந்த படம். வட்டமான எல்லைக்கோடு, உள்ளே சின்னச் சின்னத் தீவுகள், சுற்றிலும் ஆயிரக்கணக்கான புள்ளிகள்.

பேனாவை யார் கட்டி வைப்பார்கள்? தரை ஆடுகிற இடத்தில் இருக்கிறவர்கள். தீவுகளும் புள்ளிகளும் என்ன? கடல் வரைபடம், புள்ளிகள் ஆழத்தைக் காட்டுகின்றன. மணி எதற்கு? கப்பலில் காவல் மாறுகிற நேரத்துக்கு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நடுக்கடலில், சூரியனே எட்டிப் பார்க்காத அடித்தளத்தில், கண்ணாடித் துண்டால் வெளிச்சத்தைத் திருடி வரைந்துகொண்டிருக்கிறார் ஒரு கலைஞர். பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இத்தனை வெளிச்சத்தில் உட்கார்ந்து நான் என்ன கிழித்தேன் என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. அதைத் துரத்திவிட்டு எழுதினேன்.

‘நண்பரே, நீங்கள் ஒரு கப்பலில் வேலை செய்கிறீர்கள். மறுக்காதீர்கள். ஆட்டத்தை எதிர்த்து நீங்கள் சண்டை போடவில்லை, அதற்கு நூல் கட்டிச் சமாளிக்கிறீர்கள். அந்தப் பழைய செருப்பில் கரையை மறக்காத ஒரு மனம் தெரிகிறது. உங்களைப் போன்ற கலைஞருக்கு ஆடாத தரையும் பெரிய ஜன்னலும் இன்றே கிடைக்க வேண்டும். உங்களை இருட்டில் உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் வெளிச்சமான அறையில் சாய்ந்திருக்கிற அந்தக் கேப்டன் யாராக இருந்தாலும் சரி, அவரைக் கடலில் தள்ளிவிட்டு அந்த அறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இது என் தீர்ப்பு.’

ஒன்பது வருடத்தில் நான் எழுதியதிலேயே சிறந்த பலன் அதுதான். ஆசிரியரே தொலைபேசியில் கூப்பிட்டு, கேப்டன் வருகிற வரியைப் படித்து ரொம்பச் சிரித்ததாகச் சொன்னார். அது சிரிக்கிற இடம் இல்லையே என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

பத்திரிகை வெள்ளிக்கிழமை வந்தது. நான் காலைச் சாப்பாட்டு மேசையில் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் நின்றபடியே மூன்றாவது, நாலாவது பலன்களை நிதானமாகப் படித்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஜெயித்தவன் இரக்கம் காட்ட வேண்டும் என்று, சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுவரை அறையை அவளுக்குத் தருவதாகச் சொன்னேன். ஐந்து மணிக்கு மேல் வெளிச்சம் இருக்காது என்பது வேறு விஷயம்.

“இதுல எதாவது மாத்தணுமா?” என்று கேட்டாள்.

“ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.”

“அந்தக் கப்பல்காரருக்கு ஜன்னல் குடுக்கணும்?”

“கட்டாயம் குடுக்கணும். குடுக்காதவன் மனுஷனே இல்லை.”

“அப்ப வாங்க, கப்பலைப் பாத்துட்டு வரலாம்.”

பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சமையலறையைத் தாண்டினாள். அந்தக் கதவைத் திறந்தாள். பதினாறு வருடத்தில் முதல்தடவையாக நான் அந்த இடுக்குக்குள் கால் வைத்தேன்.

மடக்கு மேசை எதுவும் இல்லை. வாஷிங் மெஷின் இருந்தது. அதன் தலையில் ஒரு பலகை. பலகைக்கு மேலே சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிகளிலிருந்து நூலில் தொங்கும் பேனாக்கள். மூலையில் கைக்கண்ணாடி, எட்ட இருந்த சமையலறை விளக்கின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து ஒரு பொத்தானைத் தட்டினாள். மெஷின் உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. பேனாக்கள் எல்லாம் நூலில் ஆடின. மைப்புட்டி மட்டும் செருப்புக்குள் அசையாமல் இருந்தது. இரண்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த என் இடது கால் செருப்பு அது.

“அலசுற நேரத்துல கோடு போடுவேன்” என்றாள். “சுத்துற நேரத்துல கோடு போட முடியாது, புள்ளி வைப்பேன். அந்த ஆட்டத்துக்குப் புள்ளி தானா விழும். மணி அடிச்சா துணியை எடுக்கணும்.”

“அந்தத் தீவு?”

“தண்டோட குறுக்குவெட்டு. ஆறாம் வகுப்பு.”

ஒரு தடவையாவது நீங்கள் துணி போட வந்திருந்தால் பார்த்த உடனே தெரிந்திருக்கும் என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதில் கோபம் இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. உலகத்தில் யார் யார் மேசையையோ பார்த்துக் கண் கலங்கியவன், என் வீட்டில் நாற்பது அடி தூரத்தில் இருந்த மேசையை ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

ஆனால் வெட்கம் வேறு, அறை வேறு. சட்டென்று எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

“இரு, இரு. அப்ப அந்த மூணாவது படம்? அதுல உன் கிளிப் இருந்ததே?”

“கிளிப் என்னோடதுதான். மூணு மாசமா தேடிட்டிருந்தேன்.”

என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கச் சொன்னாள். மேசைமேல் குப்புறப் படுத்து, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். திரையின் கறுப்பு முதுகு தெரிந்தது. வயர்கள் தெரிந்தன. வயர்களைக் கட்ட ஏதாவது வேண்டும் என்று அவள் அலமாரியிலிருந்து எப்போதோ நானே எடுத்துவந்த பட்டாம்பூச்சி தெரிந்தது. காலுறை, கோப்பைகள், மூடிகள், எல்லாம் ஜன்னல் பக்கமாக நான் தள்ளித் தள்ளிவிட்டவை. ஒன்பது வருடத்தில் என் மேசையை நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்ததே இல்லை. முதுகைக் காட்டி நின்ற படச் சட்டம், சிறந்த பத்தி எழுத்தாளர் என்று வாசகர் மன்றம் கொடுத்த பாராட்டுப் பத்திரம். அதை நான் என்னைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேன்.

“அந்த அகராதி?” என்று முனகினேன்.

“நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்க பிறந்த நாளுக்கு நான் வாங்கிக் குடுத்தது. தினமும் பிரிச்சுப் பாக்கறேன்னு சொன்னீங்க.”

“என் மேசையை அனுப்புவேன்னு நீ சொல்லவே இல்லையே.”

“அனுப்பக் கூடாதுன்னு நீங்களும் சொல்லலையே. ஒரு மேசைக்குத் தீர்ப்புன்னா எதிர்த் தரப்பு மேசையும் வேணுமில்ல?”

அப்போது எதிர்ப் பால்கனியில் பல் டாக்டர் அம்மா வந்து நின்றார். படத்தை எடுக்க இடம் கொடுத்தவர் அவர்தான் என்று இப்போது புரிந்தது. கையில் அந்த வாரப் பத்திரிகை இருந்தது. என்னைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையசைத்தார்.

“சார், நானே சொல்லணும்னு இருந்தேன். தினமும் பதினோரு மணிலருந்து பன்னிரண்டரை வரைக்கும் வாயைத் திறந்து தூங்குறீங்களே, வலது பக்கம் மேல கடைசிப் பல்லு சொத்தை. உடனே காட்டிடுங்க.”

நான் ஜன்னலைச் சாத்தினேன். கடைசி முயற்சியாக மனைவியிடம் இறங்கி வந்தேன். அந்த இரண்டு பலனும் அவசரத்தில் எழுதியவை, கொஞ்சம் திருத்தலாம் என்றேன். அவள் உடனே சம்மதித்தாள். எனக்கே ஆச்சரியம். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள்.

“நான் சொன்ன ரெண்டு பலனும் தப்பு, எனக்கு என் மேசையையே அடையாளம் தெரியலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அடுத்த வாரமே போட்டுடறேன்னு ஆசிரியர் சொல்லியிருக்காரு. அட்டையிலயே போடுவாராம்.”

தாளைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். எழுதினால் அறை மிஞ்சும், தொழில் போய்விடும். எழுதாவிட்டால் தொழில் மிஞ்சும், அறை போய்விடும். கழுத்துப் பொத்தானைக் கழற்றினேன். நன்றாக மூச்சு வந்தது.

அன்று மத்தியானமே பலகை எனக்கு, ஜன்னல் அவளுக்கு என்று ஆகிவிட்டது. திருப்பி அனுப்பிய அந்த இலைப் படம் இப்போது பதினேழு பச்சையோடு ஏற்கப்பட்டுவிட்டது. போய்ப் பார்த்தேன், உண்மையிலேயே இலை மூச்சு விடுவதுபோல் இருந்தது. அகராதியின் உறையைப் பிரித்துவிட்டேன். பல்லையும் பிடுங்கியாகிவிட்டது.

இதை நான் இப்போது வாஷிங் மெஷினின் தலைமேல் உட்கார்ந்து, மன்னிக்கவும், தலைமேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அலசும்போது இரண்டு வரி ஓடுகிறது. சுற்றும்போது பேனா உருண்டு கீழே போய்விடுகிறது. குனிந்து எடுப்பதற்குள் தாளும் போய்விடுகிறது. அவள் தன் பேனாக்களோடு நூல், ஆணி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். செருப்பை மட்டும் திருப்பிக் கொடுத்தாள், துளையோடு.

சற்று முன்னால் பேனா ஏழாவது தடவை விழுந்தது. பொறுக்க முடியாமல் ஜன்னல் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். பேனாவைக் கட்ட ஒரு முழம் நூல் கிடைக்குமா என்று கேட்டேன்.

“கப்பல்ல எது வேணும்னாலும் கேப்டன்கிட்டதான் கேக்கணும்” என்று அவள் வரைவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள். “அவரைத்தான் கடல்ல தள்ளச் சொல்லிட்டீங்களே. நீங்க கரை ஏறினதும் துணியை எடுத்துக் காயப் போட்டுடுங்க.”